தாத்தா நேதாஜி படையில் இருந்தாரா? மலாயாத் தொண்டர்களைத் தேடுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் உள்ள தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இந்தப் பேச்சு உண்டு. தாத்தாவோ பாட்டியோ ஜப்பான்காரன் காலத்தில் சுபாஷ் சந்திர போசின் இந்திய தேசிய ராணுவத்தில், அதாவது ஐ.என்.ஏ.வில், சேர்ந்து பர்மாவுக்குப் போனார் என்பார்கள். இந்தியா பக்கமே போகாதவர்கள், மலாயாவிலேயே பிறந்தவர்கள்கூட அந்தப் போருக்குப் போனார்கள். அது உண்மையா என்று உறுதி செய்ய விரும்புவோருக்கான பக்கம் இது.

எங்கிருந்து தொடங்குவது?

வீட்டிலிருந்துதான். காப்பகத்துக்கு நேராகப் போனால் வெறுங்கையோடு திரும்ப வேண்டிவரும். குடும்பத்தில் எண்பது வயது தாண்டியவர் யாராவது இருந்தால் முதலில் அவரிடம் உட்காருங்கள். "ஐ.என்.ஏ.வில் இருந்தாரா?" என்று கேட்காதீர்கள். ஆமாம் என்றுதான் பதில் வரும், அதனால் பயன் இல்லை. அவர் எந்த மாதம், எந்த வருடம் ரப்பர் தோட்டத்தை விட்டுப் போனார்? அழைத்துப் போனது யார்: கிராணியா (தோட்ட எழுத்தர்), கங்காணியா, இந்திய சுதந்திர லீக் ஆளா, ஜப்பான்காரனா? எப்படித் திரும்பி வந்தார்: கப்பலிலா, ரயிலிலா, நடந்தா? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

வருடம் நினைவில்லை என்றால் அந்தக் காலத்து வேறு நிகழ்ச்சி ஒன்றோடு பொருத்திக் கேளுங்கள். "பெரியம்மா பிறந்ததற்கு முன்னாலா, பின்னாலா?" என்றால் போதும். பிறப்புப் பத்திரத்தில் தேதி இருக்கிறதே.

சயாம் மரண ரயிலுக்குப் போனாரா, படைக்குப் போனாரா? வீட்டில் இரண்டையும் சொல்கிறார்கள்.

அதிகம் பேர் தடுமாறுவது இங்கேதான். தடுமாற்றத்துக்கு நியாயமும் உண்டு.

மரண ரயில் என்பது ஜப்பானியர் போட்ட சயாம்–பர்மா ரயில்பாதை. நீளம் 415 கிலோமீட்டர். சயாமில் (இன்றைய தாய்லாந்து) நோங் பிளாடுக்கில் தொடங்கி பர்மாவில் தன்பியூசயாட் வரை போகும். 1943 அக்டோபர் 17 அன்று இரு முனைகளும் இணைந்தன. தோட்டத்துத் தமிழர்கள் அந்த வேலைக்குப் பெருமளவில் கொண்டுபோகப்பட்டது 1943இன் முதல் பாதியில். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி (டாலர்) என்று முதலில் ஆசை காட்டினார்கள். ஆள் குறைந்ததும் தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று கணக்குப் போட்டுப் பிடித்தார்கள்.

போஸ் சிங்கப்பூருக்கு வந்தது 1943 ஜூலை 2. ஜூலை 4 அன்று தலைமை ஏற்றார், 5 அன்று பாடாங் திடலில் படையைப் பார்வையிட்டார். மலாயாவின் பொதுமக்களைப் படைக்குப் பெருமளவில் சேர்த்தது அதற்குப் பிறகுதான். அதற்கு முந்தைய ஐ.என்.ஏ. 1942இல் மோகன் சிங் தலைமையில் உருவானது. அதில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஜப்பானியரிடம் சரணடைந்த பிரிட்டிஷ் இந்திய ராணுவச் சிப்பாய்கள், ரப்பர் வெட்டுத் தொழிலாளர்கள் அல்லர். அந்த ஆண்டு டிசம்பரில் அது கலைந்தும் போனது.

ஆகவே தாத்தா 1943 பிப்ரவரியிலோ ஏப்ரலிலோ தோட்டத்தை விட்டுப் போனார் என்றால் ரயில்பாதை வேலைக்குப் போயிருக்கவே வாய்ப்பு அதிகம். 1943 செப்டம்பர், 1944 தொடக்கம் என்றால் படை என்பதற்கு இடமுண்டு. ஆனால் ரயில்பாதை முடிந்த பிறகும் பழுது பார்க்கவும் குண்டு விழுந்த பாலங்களைச் சரிசெய்யவும் ஆள் தேவைப்பட்டது. அதனால் தேதியை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது.

இதில் இன்னொரு சிக்கல். ஐ.என்.ஏ. வீரர்கள் பர்மாவுக்குப் போனதே அந்த ரயிலில்தான். 1944இல் ஐ.என்.ஏ.வின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையினரும் அதே பாதையில் ரங்கூனுக்குப் போனார்கள். ஆக, "சயாம் ரயிலில் போனார்" என்ற பேச்சு இரண்டில் எதையும் குறிக்கலாம். அப்போது உள்விவரம் கேளுங்கள். காலரா, காலில் அழுகிய புண், அத்தாப்பு (ஓலை) கொட்டகை, மண் சுமப்பது, கட்டை தூக்குவது என்று பேச்சு வந்தால் அது ரயில் வேலை. இந்துஸ்தானி கட்டளைச் சொற்கள், அணிவகுப்பு, துப்பாக்கிப் பயிற்சி, "ஜெய் ஹிந்த்" என்ற வணக்கம், லீக் கூட்டம் என்று வந்தால் படை. ஐ.என்.ஏ.வின் பொது மொழி ரோமன் எழுத்தில் எழுதிய இந்துஸ்தானி. தோட்டத்துத் தமிழர் ஒருவர் வயதான காலத்தில் இந்தியில் எண்ணிக் காட்டினார் என்றால் அதை வேடிக்கை என்று தள்ளாதீர்கள், குறித்து வையுங்கள்.

ரயில் வேலைக்குப் பிடித்துப்போக வருவார்கள் என்ற பயத்தில் படையில் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். முதலில் ரயில், பிறகு படை என்ற வரிசையும் நடக்கக்கூடியதே.

லீக் அட்டை இருக்கிறது. அது போதாதா?

போதாது. இந்திய சுதந்திர லீக் அரசியல் அமைப்பு, படை வேறு. லீக்குக்கு மலாயாவின் ஊர்தோறும் கிளைகள் இருந்தன. நன்கொடை கொடுத்தவர், வரவேற்பு வளைவு கட்டியவர், கடைக்காரர், ஆசிரியர் என்று பலதரப்பட்டவர்களும் உறுப்பினர். சிறுவர்களுக்கு பாலசேனை இருந்தது, அதில் இருந்தவர்கள் போர்முனைக்குப் போகவில்லை. உறுப்பினர் அட்டையும் நன்கொடை ரசீதும் அவர் இயக்கத்தில் இருந்தார் என்பதற்குச் சான்று. துப்பாக்கி தூக்கினார் என்பதற்குச் சான்று அல்ல. லீக்கில் வேலை செய்தவரைக் குடும்பமே "சிப்பாய்" ஆக்கிவிடுவது வழக்கமாக நடக்கிறது. அதில் அவருக்குப் பெருமை கூடுவதுமில்லை.

இவர்கள் உண்மையிலேயே தொண்டர்களா? கட்டாயப்படுத்திச் சேர்த்தார்கள் என்றும் கேள்விப்படுகிறோம்.

இரண்டும் கலந்தது. ஐ.என்.ஏ.வில் சேர்ந்த மலாயா, பர்மா பகுதிப் பொதுமக்கள் சுமார் 18,000 பேர் என்பது பொதுவாக ஏற்கப்படும் கணக்கு. மொத்தப் படை நாற்பதாயிரத்தை ஒட்டியது. போசின் பேச்சைக் கேட்டு மேடையிலேயே தாலியைக் கழற்றிக் கொடுத்த பெண்களும், வேலையை உதறிவிட்டு வந்த இளைஞர்களும் உண்மை. அரிசி இல்லாத, துணி இல்லாத, ரப்பர் வாங்க ஆள் இல்லாத தோட்டத்தில் படை முகாம் என்றால் சாப்பாடு கிடைக்கும் என்பதும் உண்மை. கட்டாய உழைப்பிலிருந்து தப்புவதும் ஒரு காரணம். தோட்டத்தில் இரண்டாம் தர மனிதராக நடத்தப்பட்டவருக்கு, துரைமார் ஆளும் அரசுக்கு எதிராகச் சீருடை போட முடிந்ததன் கவர்ச்சியையும் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஒரே ஆளிடம் இந்தக் காரணங்கள் நாலும் இருந்திருக்கலாம். "தேசபக்தியா, பசியா" என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது அந்தக் காலத்தைப் புரியாமல் கேட்பது.

மலாயாவில் பிறந்தவர் இந்தியாவுக்காகப் போரிட்டால் சட்டம் அவரை எப்படிப் பார்த்தது?

பிறந்த ஊரைப் பொறுத்தது. பினாங்கு நீரிணைக் குடியேற்றத்தில் இருந்தது, அதாவது நேரடிப் பிரிட்டிஷ் ஆட்சி. அங்கே பிறந்தவர் பிரிட்டிஷ் பிரஜை. கோலாலம்பூர் சிலாங்கூர் சுல்தானின் மாநிலத்தில் இருந்தது. அங்கே பிறந்தவர் பிரிட்டிஷ் பாதுகாப்பில் இருப்பவர், முழுப் பிரஜை அல்லர். இந்தியாவில் பிறந்து வந்தவர் மறுபடி பிரிட்டிஷ் பிரஜை. ஒரே லயத்தில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் மூன்று வகையும் இருந்திருக்கும்.

ஆனால் நடைமுறையில் பிரிட்டிஷாருக்கு முக்கியமாகப் பட்டது, ராணுவ உறுதிமொழி எடுத்தவரா இல்லையா என்பதே. டில்லி செங்கோட்டையில் 1945 நவம்பரில் தொடங்கிய முதல் வழக்கில் நின்ற ஷா நவாஸ் கான், சேகல், தில்லோன் மூவரும் பிரிட்டிஷ் இந்திய ராணுவ அதிகாரிகளாக இருந்தவர்கள். மன்னருக்கு எதிராகப் போர் தொடுத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டு, 1946 ஜனவரியில் அது நீக்கப்பட்டது. எவ்வளவு விசுவாசம் என்று பார்த்து வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று பிரிட்டிஷார் வகை பிரித்ததும் கைதான சிப்பாய்களைத்தான். தோட்டத்திலிருந்து நேராக ஐ.என்.ஏ.வுக்குப் போனவர் எந்த உறுதிமொழியையும் மீறவில்லை. அவரைப் பெரும்பாலும் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். தலைவர்கள் கதை வேறு: போஸ் அமைத்த தற்காலிக அரசில் இருந்த ஜான் திவி சிங்கப்பூரின் சாங்கியில் சிறை வைக்கப்பட்டார். வெளியே வந்து 1946 ஆகஸ்டில் மலாயா இந்தியக் காங்கிரசின் (ம.இ.கா.) முதல் தலைவர் ஆனார்.

இதிலிருந்து தேடுவோர் எடுத்துக்கொள்ள வேண்டிய முடிவு: வழக்கு இல்லை என்றால் கோப்பும் இல்லை. தாத்தாவின் பெயரில் தனிக் கோப்பு கிடைக்காதது அவர் போகவில்லை என்பதற்கு ஆதாரம் ஆகாது.

தாத்தா இம்பாலில் சண்டை போட்டார் என்கிறார்கள். இருக்குமா?

இருக்கலாம், ஆனால் சந்தேகத்தோடு தொடங்குங்கள். 1944இல் இம்பால், கொஹிமா பக்கம் போனது முதல் டிவிஷன். அதில் பழைய சிப்பாய்களே அதிகம். மலாயாத் தமிழர் கணிசமாக இருந்தது இரண்டாம் டிவிஷனில், குறிப்பாக தில்லோன் தலைமை ஏற்ற நேரு படைப்பிரிவில். அவர்கள் சண்டையைப் பார்த்தது 1945 பிப்ரவரியில், பர்மாவின் ஐராவதி ஆற்றங்கரையில், நியாங்ஊ, பாகான் பகுதிகளில். பிறகு போப்பா மலை. பீரங்கி கிடையாது, விமானம் கிடையாது, எதிரே டாங்கிகள். பலர் அங்கேயே சரணடைந்தார்கள். "பெரிய ஆறு", "மலை மேல் கோயில்" என்று குடும்பப் பேச்சில் வந்தால் ஐராவதியையும் போப்பாவையும் நினைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் பத்திரிகையிலும் மேடையிலும் இம்பால் என்ற பெயரே திரும்பத் திரும்ப வந்ததால் பர்மாவுக்குப் போன எல்லாரும் இம்பால் வீரர் ஆகிவிட்டார்கள்.

ரங்கூனில் இருந்தவர்கள் கதை மறுபடி வேறு. 1945 ஏப்ரல் 24 அன்று போஸ் ராணிப் படையினரோடு மௌல்மெயின் வழியாக பாங்காக் நோக்கிக் கிளம்பினார். நகரத்தில் அமைதி காக்க ஐ.என்.ஏ. தளபதி லோகநாதன் தலைமையில் சில ஆயிரம் பேர் தங்கி, மே தொடக்கத்தில் பிரிட்டிஷாரிடம் சரணடைந்தார்கள். பர்மாவில் பிடிபட்டவர்களை விசாரணைக்காகக் கல்கத்தா அருகே நீல்கஞ்ச், ஜிகர்கச்சா முகாம்களுக்குக் கொண்டுபோனார்கள். "கப்பலில் கல்கத்தா போய்ப் பிறகு வந்தார்" என்று வீட்டில் சொன்னால் இந்திய ஆவணங்களில் பெயர் இருக்க வாய்ப்பு கூடுகிறது.

பாட்டி ஜான்சி ராணிப் படையில் இருந்தார். தேடும் முறை வேறா?

கொஞ்சம் எளிது. படை சிறியது, பேட்டிகள் அதிகம். முகாம் 1943 அக்டோபர் 22 அன்று சிங்கப்பூர் வாட்டர்லூ தெருவில் திறந்தது. தலைமை டாக்டர் லட்சுமி சுவாமிநாதன், துணைத் தலைமை கோலாலம்பூரின் ஜானகி தேவர். இவரே பிறகு ஜானகி ஆதி நாகப்பன் என்று செனட்டரானவர். 2000இல் பத்மஸ்ரீ பெற்றார், 2014இல் காலமானார். ராணிப் படையில் கல்விகற்ற நகரப் பெண்கள் பெயர்களே நூல்களில் வருகின்றன. தோட்டத்துப் பெண்கள் எண்ணிக்கையில் அதிகம், பெயர்களில் குறைவு. குழுப் படம் ஏதாவது இருந்தால் முகங்களைப் பெரிதாக்கி, பின்பக்க எழுத்தோடு சேர்த்து வையுங்கள். திருமணத்துக்கு முந்தைய பெயரில் தேடுங்கள். அப்போது பதினாறு, பதினெட்டு வயது, தகப்பனார் பெயர்தான் பட்டியலில் இருக்கும்.

ஆவணங்கள் எங்கே இருக்கின்றன?

வரிசையாகப் போங்கள், செலவில்லாததிலிருந்து.

முதலில் சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் பழைய செய்தித்தாள் தளம். ஜப்பானியர் காலத்து ஆங்கிலப் பத்திரிகை சியோனான் டைம்ஸ் (பிறகு சியோனான் ஷிம்பூன்) அங்கே இலவசமாகப் படிக்கலாம். லீக் கிளைச் செய்திகள், நன்கொடைப் பட்டியல்கள் வரும். தாத்தாவின் பெயரைப் போட்டுத் தேடுவதைவிட ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடுவது பலன் தரும்.

அடுத்து சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பேட்டிகள். தமிழிலும் உண்டு. உங்கள் தாத்தா அதில் இருக்க மாட்டார். ஆனால் அவருடைய முகாமில் இருந்தவர் பேசியிருக்கலாம்.

பிறகு இந்தியத் தேசிய ஆவணக் காப்பகம். அபிலேக் படல் என்ற அதன் தளத்தில் கணக்குத் திறந்தால் கோப்புகளின் பட்டியலைப் பார்க்கலாம். பாதுகாப்பு அமைச்சு 1997இல் 990 ஐ.என்.ஏ. கோப்புகளை அங்கே ஒப்படைத்தது. பலர் 2016இல் பரபரப்பாக வெளியான நேதாஜி கோப்புகளில் நாள்கணக்கில் தேடிவிட்டு ஏமாறுகிறார்கள். அவற்றின் பெரும்பகுதி போசின் மரணம் பற்றிய விசாரணை சார்ந்தது, சிப்பாய்களைப் பற்றியது அல்ல. உங்களுக்கு வேண்டியது பழைய தொகுதி.

லண்டனில் இரண்டு இடம்: பிரிட்டிஷ் தேசியக் காப்பகத்தில் போர்த்துறை 208, 203 வரிசைகள் (WO 208, WO 203), பிரிட்டிஷ் நூலகத்தில் இந்தியா அலுவலகப் பதிவுகள். விசாரணை அறிக்கைகள் இங்கே இருக்கும். முன்பின் தெரியாமல் பணம் கட்டி நகல் கேட்காதீர்கள். கோப்பு விவரத்தைப் படித்து, படைப்பிரிவோ முகாமோ பொருந்தினால் மட்டும் கேளுங்கள்.

கோலாலம்பூரில் அர்க்கிப் நெகாரா, அதாவது மலேசியத் தேசிய ஆவணக் காப்பகம். ஜாலான் துவாங்கு அப்துல் ஹாலிம், பழைய ஜாலான் டூத்தாவில் இருக்கிறது. பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகக் காலக் கோப்புகள், அதாவது 1945 செப்டம்பர் முதல் 1946 மார்ச் வரையிலானவை, இங்கே பயன்படும். இந்தியர் அகதிகள், ஊர் திரும்பியோர், தொழிலாளர் துறைக் கடிதங்கள் என்று தேடுங்கள். "ஐ.என்.ஏ." என்று மட்டும் தேடினால் கொஞ்சமே வரும்.

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் தேட வேண்டாம். அது காமன்வெல்த் படைகளுக்கானது. அதில் பெயர் வந்தால் அவர் பிரிட்டிஷ் பக்கம் இறந்தவர், அல்லது வேறு ஆள்.

பெயர் கிடைக்கவே இல்லை. என்ன தவறு செய்கிறோம்?

எழுத்துக்கூட்டல். முனியாண்டி என்ற ஒரு பெயரை ஆங்கிலத்தில் நாலைந்து விதமாக எழுதியிருக்கிறார்கள்: முதலில் u அல்லது இரட்டை o, கடைசியில் dy அல்லது di. பஞ்சாபி எழுத்தர் கேட்டு எழுதினால் "ழ" இருந்த இடம் தெரியாது. ராமசாமி, வீராசாமி கணக்கில் அடங்கா. ஆகவே பெயர், தகப்பனார் பெயர், தோட்டம் அல்லது ஊர் என்று மூன்றில் இரண்டு பொருந்தினால் மட்டும் "இருக்கலாம்" என்று எழுதுங்கள். மூன்றும் பொருந்தினால் "இவர்தான்". ஒன்று மட்டும் பொருந்தியதை வைத்து இணையத்தில் படம் போட்டுவிட்டால் அது வேறு குடும்பத்தின் தாத்தாவாக இருந்து, பிறகு திருத்தவே முடியாமல் போகும்.

தோட்டப் பெயர்களிலும் கவனம் தேவை. தமிழர் வைத்த பெயர் ஒன்று, கம்பெனிப் பெயர் இன்னொன்று. காகிதத்தில் இருப்பது கம்பெனிப் பெயர்.

ரசீதில் 2603 என்று இருக்கிறது. போலியா?

இல்லை. ஜப்பானிய ஆண்டுக் கணக்கு. 660 கழியுங்கள்: 2603 என்றால் 1943, 2604 என்றால் 1944. ஜப்பானியர் காலத்துக் காகிதத்தில் இப்படித்தான் இருக்கும்.

புலிப் படம் போட்ட பதக்கம் ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. வாங்கலாமா?

சேகரிப்புக்கு வேண்டுமானால் வாங்குங்கள், தாத்தாவின் சான்றாக வேண்டாம். போசின் ஆசாத் ஹிந்த் (சுதந்திர இந்தியா) பதக்கங்கள் ஐரோப்பாவில், போஸ் ஜெர்மனியில் இருந்த காலத்தில் உருவானவை. போருக்குப் பிறகும் அதே அச்சில் நிறைய அடித்தார்கள். பாயும் புலிச் சின்னமும் ஜெர்மனியில் இருந்த இந்தியப் படையோடு சேர்ந்தது. இங்கே பறந்தது ராட்டை போட்ட மூவண்ணக் கொடி. தோட்டத்துச் சிப்பாய்க்குப் பதக்கம் கிடைப்பது அரிது. பழைய சீருடைத் தோள்பட்டைச் சின்னம், கிழிந்த அட்டை, பெயர் எழுதிய தட்டு இவைதான் நம்பத்தக்கவை.

ஓய்வூதியம், இழப்பீடு ஏதும் உண்டா?

மலேசியாவின் முன்னாள் படைவீரர் நலன் மலேசிய ஆயுதப் படையினருக்கானது, ஐ.என்.ஏ. அதில் சேராது. இந்திய அரசின் சுதந்திரப் போராட்ட வீரர் ஓய்வூதியம் ஐ.என்.ஏ.வினரை உள்ளடக்கியது. ஆனால் அவருக்குப் பின் துணைவர், திருமணமாகாத மகள், பெற்றோர் என்பதோடு நிற்கும். பேரப்பிள்ளைகளுக்கு வராது. "வாங்கித் தருகிறேன்" என்று முன்பணம் கேட்பவருக்குக் கொடுக்காதீர்கள்.

ஜப்பானியருக்கு உதவியவர்கள்தானே என்று சீன நண்பர்கள் கேட்கிறார்கள்.

கேட்கட்டும், கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. 1942இல் சிங்கப்பூரிலும் பினாங்கிலும் மலாயாவின் மற்ற ஊர்களிலும் ஜப்பானியர் சீனர்களைச் சலித்தெடுத்துக் கொன்றபோது, அதே ஜப்பானியரின் துணையோடு இந்தப் படை உருவானது. போர்க்கைதிகளுக்குக் காவல் நின்ற இந்தியச் சிப்பாய்களும் இருந்தார்கள். லீக் இருந்தும் சயாமுக்குத் தமிழர்கள் போவது நிற்கவில்லை. இதையெல்லாம் மறைத்து எழுதும் குடும்ப வரலாறு அரைகுறை. அதே சமயம் 1944இல் தோட்டத்திலிருந்து போன இருபது வயது இளைஞரை அந்தக் கொலைகளோடு முடிச்சுப் போடவும் முடியாது.

பினாங்கில் என்ன நடந்தது?

லீக்கின் மலாயாத் தலைவர் என். ராகவன் பினாங்கு வழக்கறிஞர். அவர் முயற்சியில் அங்கே சுவராஜ் பயிற்சிக் கழகம் நடந்தது, இந்தியாவுக்குள் ரகசியமாக அனுப்புவதற்கு ஆட்களைப் பயிற்றுவிக்க. 1942 செப்டம்பரில் ஒரு குழு பினாங்கிலிருந்து நீர்மூழ்கிக் கப்பலில் போய் மலபார்க் கரையில் இறங்கியது. இறங்கியதும் பிடிபட்டது. இப்படி ரகசியமாக அனுப்பப்பட்டவர்களில் வக்கம் அப்துல் காதர் உட்பட நால்வர் 1943 செப்டம்பர் 10 அன்று சென்னையில் தூக்கிலிடப்பட்டார்கள். தாத்தா பினாங்கில் "பள்ளிக்கூடத்தில் பயிற்சி" எடுத்தார் என்றால் இந்தக் கழகத்தையும் நினைவில் வையுங்கள்.

பழைய காகிதங்களை எப்படிக் காப்பாற்றுவது?

லேமினேட் செய்யாதீர்கள். பிளாஸ்டிக்கின் சூடு மையைத் தின்றுவிடும், பிரிக்கவும் முடியாது. செலோடேப்பும் வேண்டாம், ஐந்தாறு வருடத்தில் மஞ்சளாகிக் காகிதத்தோடு ஒட்டிவிடும். எழுத்துக் காகிதத்தை 400, படத்தை 600 டிபிஐயில் இரு பக்கமும் ஸ்கேன் செய்து டிஃப் (TIFF) கோப்பாக வையுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய நகல் மூலம் ஆகாது. பின்பக்கத்தில் குறிப்பு எழுத வேண்டுமானால் மென்மையான பென்சில். இங்குள்ள ஈரக்காற்றில் பூசணமும் வெள்ளிப்பூச்சியும்தான் எதிரி. அமிலமற்ற உறை, மூடிய பெட்டி, சிலிக்கா பொட்டலம், மூன்று மாதத்துக்கு ஒரு முறை பொட்டலத்தை மாற்றுவது. பாச்சை உருண்டை காகிதத்தைத் தொடக் கூடாது. சாமி அலமாரியில் வைக்கும் பழக்கம் பலரிடம் உண்டு. விளக்குப் புகை படியும் இடம் அது, வேறு இடம் பாருங்கள்.

மொய்ராங் போய்ப் பார்க்கலாமா?

மணிப்பூரில் இம்பாலுக்குத் தெற்கே இருக்கும் மொய்ராங்கில்தான் 1944 ஏப்ரல் 14 அன்று ஐ.என்.ஏ. கொடி ஏற்றியது. அங்கே நினைவு மண்டபமும் அருங்காட்சியகமும் உள்ளன. 2024 டிசம்பர் முதல் மணிப்பூருக்குப் போகும் வெளிநாட்டவர் மறுபடி பாதுகாக்கப்பட்ட பகுதி அனுமதி பெற வேண்டும், இந்திய விசா மட்டும் போதாது. 2023 மே முதல் அங்கே இனக்கலவரமும் இருந்துவருகிறது. டிக்கெட் போடுவதற்கு முன்பே கோலாலம்பூர் இந்தியத் தூதரகத்தில் அனுமதி பற்றி எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தாத்தா போனது ஐராவதிப் பக்கம் என்று உறுதியானால் மணிப்பூர்ப் பயணத்துக்கு அவசரம் இல்லை.